மழைக்கு அப்புறம் மிளகுக்கொடி பச்சை இலையா கொட்டிச் சாகுது, எந்த மருந்து ஊத்தறது?

வாழவந்தி கொடித்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கங்க. ஏற்காடு மலையில வாழவந்தி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கு. நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரங்கள்ல மிளகு ஏத்தியிருக்கோம், சுமார் 400 கொடி. பெரும்பகுதி பன்னியூர்-1 ரகம், கொஞ்சம் கரிமுண்டா ரகம். எனக்குச் சேலத்துல வேலை. அப்பாவால இப்ப சரிவுல ஏறி இறங்க முடியலை, அதனால வாரக் கடைசியில மேல வந்து நான்தான் பார்த்துக்கறேன்.

ஆவணியில இருந்து மழை விட்டு விட்டுப் பெய்யுது. தோட்டத்தோட கீழ்க்கோடியில, ரோட்டுத் தண்ணி இறங்கற பக்கம், ஏழெட்டுக் கொடி போன வாரம் இலை தொங்கி நின்னுச்சு. இந்த வாரம் வந்து பார்த்தா எல்லாம் செத்துப் போச்சு. இலை பழுக்கக்கூட இல்லை, பச்சையாவே கொட்டிக் கிடக்கு. கொடியைப் பிடிச்சு இழுத்தா கணுக்கணுவா கழண்டு கையோட வருது. அதைச் சுத்தி இன்னும் இருபது கொடிக்கு மேல வாட்டம் தெரியுது. மேல்பக்கம் தனியா சில கொடி மஞ்சளா நிக்குது, ஆனா சாகலை. சரத்துல மணி பிடிச்சு வர்ற நேரம் இது. தை மாசம் பறிப்புக்கு எத்தனை கொடி மிஞ்சும்னு நினைச்சாலே வயிறு கலங்குது.

சேலத்துல ஒரு மருந்துக்கடையில போட்டோ காட்டினேன். வேர் அழுகல்னு சொல்லி கார்பென்டாசிம்மும் ஒரு ஹியூமிக் பாட்டிலும் கொடுத்தாங்க. ஊத்தியாச்சு, வாடறது நிக்கலை. அளவைக் கூட்டி இன்னொரு தடவை ஊத்தலாமா? இல்ல வேற மருந்து இருக்கா? கீழ நிக்கிற காபிச் செடிக்கும் இது பரவுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


மேச்சேரி தக்காளி:

எங்களுக்குத் தக்காளிதான், மிளகு தெரியாது. இலைப்புள்ளிக்கு நாங்க கார்பென்டாசிம், மாங்கோசெப் கலந்தது அடிப்போம், நிக்கும். உங்களுக்கு மண்ணுல ஊத்தினது வேர் வரைக்கும் போயிருக்காதுன்னு தோணுது. தண்ணியைக் கூட்டி ஊத்திப் பாருங்க.


நாகலூர் மிளகு:

வாழவந்தி தம்பி, அடுத்த பாக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மம்பட்டியை எடுத்துட்டுப் போய் செத்த கொடி ஒண்ணை வேரோட தோண்டிப் பாருங்க. இந்த நோய் நடக்கறது மண்ணுக்குள்ள. இலை வாடி நமக்குத் தெரியறப்போ கீழ வேலை முடிஞ்சிருக்கும். போட்டோவை வெச்சு யாரும் இதுக்கு மருந்து சொல்லிட முடியாது.

நீங்க எழுதினதுல மூணு அடையாளம் இருக்கு. பச்சை இலையா கொட்டறது, கணுவுல கழண்டு வர்றது, தண்ணி இறங்கற பக்கம் ஆரம்பிச்சது. மூணும் சேர்ந்தா அநேகமா அடியழுகல். வேக வாடல்னும் சொல்வாங்க. கிருமியோட பேரு பைட்டாப்தோரா கேப்சிசி. தூர்ல மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ள கருத்து, ஈரமா, கெட்ட வாடை அடிச்சா இதேதான். தரையில ஓடற ஓடுகொடியோட இலையையும் பாருங்க. கரும்புள்ளி இருந்து, அதோட ஓரம் வழவழன்னு முடியாம பிசிறு பிசிறா பரவியிருந்தா சந்தேகமே வேண்டாம். நோய் முதல்ல ஏறற படி பெரும்பாலும் அந்தத் தரை இலைதான்.

மேல மஞ்சளா நிக்கிற கொடி வேற கதையா இருக்கலாம். அதோட வேரைத் தனியா பாருங்க. முடிச்சு முடிச்சா இருந்தா அது நூற்புழு, மண்ணுக்குள்ள வேரைத் தாக்கற நுண்ணிய புழு. அதை மெல்ல வாடல்னு சொல்வாங்க. மழை முடிஞ்சு மஞ்சள் கட்டும், கோடையில நுனி காயும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும், அப்படியே இழுத்துட்டு ரெண்டு மூணு வருஷத்துல போகும். ஒரே தோட்டத்துல ரெண்டும் இருக்கறது ரொம்ப சகஜம். நூற்புழு கடிச்ச வேர்ல அழுகல் சுலபமா ஏறும்.

இப்ப கார்பென்டாசிம் விஷயம். இதை நிதானமா எழுதறேன், ஏன்னா நம்ம மலையில வருஷா வருஷம் இதுல எத்தனையோ பேரோட பணமும் கொடியும் போகுது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறலை.

நாம எல்லாத்தையும் பூஞ்சாணம்னு சொல்லிடறோம். பைட்டாப்தோரா உண்மையில பூஞ்சாணக் குடும்பம் கிடையாது. நீர்ப்பூஞ்சைன்னு தனி இனம், பாசி வகைக்குத்தான் நெருங்கின சொந்தம். பூஞ்சாணத்தோட செல்சுவர் கைட்டின்ல ஆனது. இதோடதுல செல்லுலோஸ் இருக்கும். பூஞ்சாணத்தோட செல் ரெண்டா பிரியறதைத் தடுக்கறதுதான் கார்பென்டாசிம்மோட வேலை. நீர்ப்பூஞ்சையில அந்த மருந்துக்குப் பிடிமானமே இல்லை. அரை கிலோ போட்டாலும் அஞ்சு கிலோ போட்டாலும் அதேதான். மேச்சேரிக்காரர் சொல்ற மாதிரி தண்ணியைக் கூட்டி ஊத்தினா இன்னும் ஆபத்து, கிருமிக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நல்லா வேலை செய்யற மண்ணுப் பூஞ்சாணத்தையும் கார்பென்டாசிம் கொன்னுடும். நோய்க்கிருமியை அடக்க மண்ணுல போடற டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சாணத்துக்கு அது ஆகவே ஆகாது.

கார்பென்டாசிம் கெட்ட மருந்துன்னு நான் சொல்லலை. இதே மிளகுல இலையில பழுப்புப் புள்ளி விழுந்து, சுத்தி மஞ்சள் வட்டம் கட்டி, சரம் உதிர்ற ஒரு நோய் வரும். அது கொலட்டோட்ரைக்கம், அசல் பூஞ்சாணம். அங்க கார்பென்டாசிம், மாங்கோசெப் கலவை கேட்கும். வந்திருக்கறது எதுன்னு தெரிஞ்சுட்டா மருந்து தானா அமையும்.

பைட்டாப்தோரா வம்சம் பெரிசு. 1845-ல அயர்லாந்துல உருளைக்கிழங்கை அழிச்சு ஊரையே பஞ்சத்துல தள்ளினது இதே இனத்தோட இன்னொரு வகை. நம்ம சேலம் ஜில்லாவுல தண்ணி தேங்கற வயல்ல மரவள்ளிக் கிழங்கு அழுகி நாறுதே, அதுவும் பைட்டாப்தோராதான், பால்மிவோரான்னு சொல்ற வகை. எல்லாத்துக்கும் பொதுவான குணம் ஒண்ணு. ஈரம் கிடைச்சா இதோட வித்துக்கு வால் முளைக்கும், நீந்தும். மண்ணுல இருக்கற மெல்லிசான நீர்ப்படலம் போதும், ஒரு கொடியோட வேர்ல இருந்து அடுத்த கொடிக்கு நீந்திப் போயிடும். மழைத்துளி மண்ணுல விழுந்து தெறிச்சா தரை இலைக்கு ஏறும். உங்க தோட்டத்துல கீழ்க்கோடி முதல்ல போனதுக்குக் காரணம் அந்த ரோட்டுத் தண்ணிதான்.

அதனால முதல் வேலை தண்ணி. மழைக்கு நடுவுலயே போங்க, குடை பிடிச்சுட்டாவது நின்னு தண்ணி எங்க இருந்து வந்து எங்க நிக்குதுன்னு பாருங்க. வெயில்ல போனா அது தெரியாது. எங்க தோட்டத்துல மேல இருக்கற சிறுபாலத்துத் தண்ணி நேரா ரெண்டு வரிசை மிளகு வழியா இறங்கிட்டிருந்தது. அந்த ரெண்டு வரிசையில மட்டும் வருஷம் தவறாம கொடி சாகும். எல்லைக் கல்லை ஒட்டி ஒரு ஓடை எடுத்து, தண்ணியை வளைச்சு ஓரமா விட்டோம். அதுக்கப்புறம் அந்த வரிசை நின்னுச்சு. மருந்து அதே மருந்து, அளவும் அதே அளவு. ஓடை எடுக்கறப்போ நோய் வந்த இடத்துத் தண்ணி நல்ல இடத்துக்குள்ள போகாத மாதிரி எடுக்கணும். உங்க செத்த கொடி எல்லாம் கீழ்க்கோடியில இருக்கறது ஒரு வகையில நல்லது, அதுக்குக் கீழ வேற யாரோட கொடியும் இல்லாம இருந்தா. இருந்தா அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

அடுத்தது செத்த கொடி. அதை வேரோட தோண்டி, காபி வரிசைக்குள்ள இழுத்துட்டு வராம சாக்குல போட்டு வெளிய கொண்டு போய் எரிச்சிடுங்க. கொட்டின இலையையும் கூட்டி எடுங்க. தோண்டின மம்பட்டியையும் செருப்பையும் கழுவாம மேல்பக்கம் போகாதீங்க.

உயிரோட இருக்கற கொடியில தரையைத் தொடற ஓடுகொடி எல்லாத்தையும் அறுத்திடுங்க, இல்ல தூக்கி மரத்தோட கட்டிடுங்க. தூரைச் சுத்தி கொத்தவே கூடாது. களை எடுக்க வர்றவங்க கையில மம்பட்டி இருந்தா வேர்ல காயம் படாம இருக்காது. அந்தக் காயம்தான் வாசல். எங்க தோட்டத்துல மிளகுத் தூர்ல அரிவாள் மட்டும்தான், களையை அறுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. சில்வர் ஓக் நிழலையும் மழைக்கு முன்னாடியே கழிச்சு விட்டிருக்கணும். இப்ப ரொம்ப இருட்டா இருக்கற இடத்துல நாலு கிளையாவது வெட்டி காத்தும் வெளிச்சமும் விடுங்க.

இதெல்லாம் பண்ணினாத்தான் மருந்துக்கு மரியாதை. சாய்ஞ்சு போன கொடிக்கு மருந்து ஊத்தி எழுப்ப முடியாது, அதுல காசைக் கொட்டாதீங்க. சுத்தி இருக்கற, வாட்டம் லேசா தெரியற கொடிக்கும், அதுக்கு அடுத்து நல்லா இருக்கற ரெண்டு மூணு வரிசைக்கும் ஊத்துங்க. மெட்டலாக்சில் 8 சதம், மாங்கோசெப் 64 சதம் சேர்ந்த பொடின்னு கேளுங்க. லிட்டருக்கு 1.25 கிராம் கலந்து, கொடிக்கு 5 லிட்டர்ல இருந்து 10 லிட்டர் வரைக்கும் தூரைச் சுத்தி ஊத்தணும். நூறு கொடிக்கு 5 லிட்டர் வீதம்னா 500 லிட்டர் தண்ணிக்கு 625 கிராம் ஆகும். இதுக்குப் பதிலா பொட்டாசியம் பாஸ்போனேட்டும் ஊத்தலாம், லிட்டருக்கு 3 மில்லி. மேல்பக்கம் நோயே இல்லாத கொடிக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் ஊத்தினாலே போதும். நூற்புழு வேற மாதிரி பார்க்கணும், வேரைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

இலைக்கும் கொடிக்கும் போர்டோ கலவை 1 சதம். இதை வீட்லயே தயார் பண்ணுங்க. கடையில கிடைக்கற ரெடிமேட் எதையும் நான் குறை சொல்லலை, ஆனா கையால கலந்து அன்னைக்கே அடிக்கற போர்டோ இலையில பிடிக்கற பிடி தனி. ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பொடிச்சு 50 லிட்டர் தண்ணியில கரைங்க. வேற டிரம்ல ஒரு கிலோ நீத்தாத சுண்ணாம்பை முதல்ல கொஞ்சம் தண்ணி தெளிச்சு நீத்து, அப்புறம் 50 லிட்டர் ஆக்கி வடிகட்டுங்க. மயில்துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புத் தண்ணியில மெதுவா ஊத்திக்கிட்டே கலக்கணும். மாத்தி, சுண்ணாம்பைத் துத்தத்துல ஊத்தினா கலவை திரிஞ்சு அடியில தங்கும், நாசில் அடைக்கும். இரும்பு டிரம், தகர வாளி எதுவும் ஆகாது, பிளாஸ்டிக்தான். கலந்து முடிச்சதும் நல்லா தீட்டின கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. கத்தியில செம்பு நிறம் படிஞ்சா துத்தம் மிஞ்சியிருக்குன்னு அர்த்தம், அப்படியே அடிச்சா இலை கருகும். படியாத வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணி சேர்க்கணும். நாளைக்குன்னு எடுத்து வெக்கக் கூடாது.

அடிக்கறப்போ இலையோட ரெண்டு பக்கமும் சரமும் நனையணும். சும்மா மேல தூவிட்டு வந்தா பிரயோஜனம் இல்லை. அடிச்சு காய்றதுக்கு நாலு மணி நேரமாவது மழை விடணும். நம்ம மலையில மதியத்துக்கு மேல மூடிக்கும், அதனால விடிஞ்சு பனி காய்ஞ்சதும் ராக்கர் ஸ்பிரேயரைத் தூக்கிடணும். ஒட்டுப் பசை சேர்த்துக்கோங்க. கண்ணாடி, கையுறை இல்லாம யாரையும் அடிக்க விடாதீங்க. சுண்ணாம்பும் துத்தமும் கண்ணுக்குப் பொல்லாதது. மிச்சத்தை ஓடையில கொட்டாதீங்க, அந்தத் தண்ணிதான் கீழ ஊர்ல குடிக்கறாங்க.

போர்டோ பத்தி ஒண்ணு சொல்லணும்னு எனக்கு ஆசை. பிரான்ஸ் தேசத்துல போர்டோங்கற ஊர் பக்கம், வழியில போறவங்க திராட்சையைப் பறிக்காம இருக்கணும்னு ரோட்டோரக் கொடியில துத்தமும் சுண்ணாம்பும் தெளிச்சு வெப்பாங்களாம். அந்த ரோட்டோரக் கொடியில மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைன்னு 1882-ல மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் கவனிச்சார். சோதிச்சுப் பார்த்து 1885-ல வெளியிட்டார். திராட்சையோட அந்த அடிச்சாம்பலும் நீர்ப்பூஞ்சை இனம்தான். நம்ம மிளகுக்கும் இது கேட்கறதுல ஆச்சரியமில்லை. ஆனா செம்பு மருந்து வருமுன் காக்கற மருந்து. இலை மேல காவலுக்கு உட்கார்ந்திருக்கும், உள்ள போன நோயைத் துரத்தாது. அதனாலதான் வைகாசி, ஆனி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையும், ஆவணி, புரட்டாசியில ஒரு தடவையும் அடிக்கணும். மழை ஐப்பசிக்கு மேலயும் நீண்டா இன்னொரு தடவை. உங்களுக்கு ஒரு தடவை தப்பிப் போச்சு, அடுத்த வைகாசியைத் தவற விடாதீங்க.

காபிக்கு இந்த நோய் பரவாது, பயப்படாதீங்க. தோட்டத்துக்குள்ள மிளகாய், பூசணி போட்டிருந்தா எடுத்திடுங்க, கேப்சிசி அதையும் பிடிக்கும்.


ஆத்தூர் மஞ்சக்காடு:

அக்கா, இதை மஞ்சள் போடற எல்லாரும் படிக்கணும். எங்க பக்கம் கிழங்கழுகல் வந்தா இதே கதைதான். ஓரத்துல இலை காயும், தண்டைப் பிடிச்சு இழுத்தா வந்துடும், கிழங்கு கூழா இருக்கும், உடனே கார்பென்டாசிம் பாக்கெட். மஞ்சளுக்கு வர்றது பித்தியம், அதுவும் நீங்க சொல்ற நீர்ப்பூஞ்சை இனம்தான்னு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனப்போ சொன்னாங்க. அழுகின கிழங்குல புழு நெளியும், அதைப் பார்த்துட்டு பூச்சி மருந்து அடிச்சவங்களும் உண்டு. எங்களுக்கு ஆனது வடிகால்தான். வயலைச் சுத்தி ஆழ வாய்க்கா எடுத்தோம், மேட்டுப்பாத்தியில நட்டோம், விதைக்கிழங்கை நோய் இல்லாத வயல்ல இருந்து மட்டும் எடுத்தோம். நோய் கண்ட இடத்துல காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் ஊத்தினோம். அழுகின வயல்ல மறு வருஷம் மஞ்சளும் இஞ்சியும் போடலை.

ஒரு சந்தேகம். டிரைக்கோடெர்மாவை இந்தச் செம்பு மருந்தோட சேர்த்து ஊத்தலாமா? கடையில ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கொடுக்கறாங்க.


பயிர் மருத்துவம் சேலம்:

வேளாண் பட்டதாரி, இடுபொருள் துறையில் வேலை செய்கிறேன். நாகலூர் அக்கா சொன்னது சரி. மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

மெட்டலாக்சிலைத் திரும்பத் திரும்ப ஊற்றக் கூடாது. கிருமியின் உடலுக்குள் ஒரே ஓர் இடத்தை மட்டும் தாக்கும் மருந்து அது. பைட்டாப்தோரா அதற்கு எதிர்ப்பைச் சீக்கிரம் வளர்த்துக் கொள்ளும். ஒரு பருவத்தில் ஒரு முறை, நோய் கண்ட இடத்தில் மட்டும் போதும். அடுத்த முறை பாஸ்போனேட் அல்லது செம்பு மருந்துக்கு மாறுங்கள். மாங்கோசெப்போடு சேர்த்து விற்பதும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆத்தூர் நண்பருக்கு: செம்பு மருந்தோடு டிரைக்கோடெர்மாவைக் கலக்கவே கூடாது. டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சாணம். செம்பு ஊற்றிக் குறைந்தது 15 நாள் கழித்து மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். பொட்டாசியம் பாஸ்போனேட்டோடு டிரைக்கோடெர்மாவுக்குப் பகை இல்லை.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். செத்துக் காய்ந்த கொடியில் எல்லாவித பூஞ்சாணமும் ஏறியிருக்கும், அதனால் பயனில்லை. பாதி வாடிய கொடியின் தூர், வேர், அதைச் சுற்றிய மண் ஆகியவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு, வெயில் படாமல் அன்றே கொண்டு போங்கள். ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலத்தில் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம். போகும் முன் கேட்டுக்கொள்ள கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழில் பேசலாம்.


வாழவந்தி கொடித்தோட்டம்:

ரொம்ப நன்றிங்க அக்கா, எல்லாருக்கும் நன்றி. தோண்டிப் பார்த்தேன். கீழ்க்கோடிக் கொடியோட தூர் நீங்க எழுதின மாதிரியே கருத்து ஈரமா இருந்தது, வாடை தாங்கலை. ஓடுகொடி இலையில பிசிறு ஓரத்தோட கரும்புள்ளியும் இருக்கு. மேல்பக்கம் மஞ்சளா நிக்கிற கொடியோட வேர்ல முடிச்சு இருக்கு. ஆக ரெண்டும் இருக்கு.

ரோட்டுத் தண்ணியைத் திருப்ப ஓடை எடுக்க ஆரம்பிச்சாச்சு. கீழ எங்களுக்கு அடுத்த தோட்டத்துக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், அவரும் வந்து பார்த்துட்டுப் போனார். மெட்டலாக்சில் பொடி கிடைச்சுது, நாளைக்கு ஊத்தறோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. செத்த கொடி இருந்த குழியில இந்த ஐப்பசியிலயே புதுக் கன்னு வெக்கலாமா? நர்சரியில பதியன் இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் குனிஞ்சு பார்க்கறப்போதான் கவனிச்சேன், காபி இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொடி மாதிரி ஒட்டியிருக்கு. அதுவும் இதுல இருந்து வந்ததா?


நாகலூர் மிளகு:

அடுத்த தோட்டத்துக்காரர்கிட்ட சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும்.

காபி முதல்ல. அது இலைத்துரு. மிளகு நோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இது அசல் பூஞ்சாணம், ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். 1869-ல இலங்கையில கண்டுபிடிச்சாங்க, அங்க இருந்த காபித் தோட்டத்தையே இல்லாம பண்ணிடுச்சு. இலங்கை தேயிலைக்கு மாறினதுக்கு இதுதான் பெரிய காரணம். நம்ம சேர்வராயன் மலையில 1820-கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்துல இருந்து காபி இருக்கு. துருவும் நமக்குப் பழைய பகையாளிதான். நல்ல வேளையா இதுக்கும் போர்டோதான், அரை சதம் போதும். அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் அரை அரை கிலோ, 100 லிட்டர் தண்ணி. துரு நுழையறது இலைக்கு அடிப்பக்கம் இருக்கற துளை வழியாத்தான். அதனால நாசிலை மேல்நோக்கித் திருப்பி அடியில இருந்து அடிக்கணும். எத்தனையோ பேர் மேல மட்டும் நீலமா பூசிட்டு, மருந்து கேட்கலைன்னு சொல்றாங்க. மழை இடைவெளி விட்டதும் இப்ப ஒரு தடவை அடிச்சிடுங்க. அப்புறம் பூவுக்கு முன்னாடி, மாசி வாக்குல ஒரு தடவை, மழை பிடிக்கறதுக்கு முன்னாடி வைகாசியில ஒரு தடவை. வைகாசியில மிளகுக்கும் காபிக்கும் ஒரே ஆள்கூலியில முடிஞ்சிடும், மிளகுக்கு ஒரு சதம், காபிக்கு அரை சதம்னு தனித்தனியா கலந்துக்கோங்க.

குழியில இந்த மழைக்கே நடாதீங்க. கிருமி செத்த வேர்த்துண்டுலயும் மண்ணுலயும் தங்கியிருக்கும், புதுக் கன்னு அதுக்குச் சாப்பாடு. வேரை ஒண்ணுவிடாம பொறுக்கி எடுத்துட்டு, குழியைத் திறந்து விட்டு, வர்ற கோடை வெயில் முழுக்கப் படட்டும். வைகாசியில வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோவும், தொழுவுரத்துல பெருக்கின டிரைக்கோடெர்மாவும் போட்டுட்டு நடுங்க. அதுவும் வடிகால் சரியான இடத்துல மட்டும். தண்ணி நிக்கிற குழியில மிளகே வேண்டாம்.

டிரைக்கோடெர்மா பெருக்கறது இப்படி. நல்லா மக்கின தொழுவுரம் 100 கிலோவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா, வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் கலந்து, நிழல்ல குவிச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. நடுவுல கிளறி விடணும். ரெண்டு வாரத்துல குவியல் மேல பச்சையா பூத்திருக்கும். பச்சைச் சாணியில பண்ணினா சூடேறி செத்துடும். பாக்கெட்டுல காலாவதி தேதியைப் பாருங்க, வெயில்ல அடுக்கி வெச்சிருக்கற கடையில வாங்காதீங்க.

நர்சரிப் பதியன் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பையைக் கிழிச்சு வேரைப் பாருங்க. விக்கிறவங்க சம்மதிக்கலைன்னா திரும்பி வந்துடுங்க. வெள்ளை வேரா இருக்கணும், முடிச்சு இருக்கக் கூடாது, இலையில கரும்புள்ளி இருக்கக் கூடாது. நோய் நிறைய தோட்டத்துல நுழையறது நர்சரிப் பை வழியாத்தான். உங்க தோட்டத்துலயே நல்லா காய்க்கற, பக்கத்துல நோயே இல்லாத கொடியில இருந்து நீங்களே பதியன் போட்டா இன்னும் நல்லது. பன்னியூர்-1 நல்லா காய்க்கும், ஆனா அடியழுகலுக்குத் தாங்காது. கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தோட சக்தி, தேவம் ரெண்டும் ஓரளவு தாங்கற ரகம், கீழ்க்கோடிக்கு அதுல ஒண்ணு கிடைக்குதான்னு பாருங்க. காட்டு மிளகுல ஒட்டுக் கட்டின கன்னுன்னு ஒருத்தர் விக்க வருவார். பைப்பர் கொலுப்ரினம்னு பிரேசில் நாட்டுச் செடி அது, அழுகலை நல்லா தாங்கும், ஆனா கோடையில தண்ணி இல்லாம நிக்காது. மாசி, பங்குனியில தண்ணி விட வசதி இருந்தா மட்டும் அதைத் தொடுங்க.

நூற்புழுக் கொடியைப் பிடுங்க வேண்டாம், தேத்திடலாம். கொடிக்கு ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் டிரைக்கோடெர்மா, பெருக்கினதுல போட்டா இன்னும் நல்லது. கூடவே பர்ப்பியூரியோசிலியம்னு நூற்புழு முட்டையைத் தின்னற ஒரு பூஞ்சாணப் பொடி இருக்கு, வேளாண் பல்கலைக்கழகத்துல கேளுங்க. மெட்டலாக்சில் ஊத்தின கொடிக்கு இதையெல்லாம் இடைவெளி விட்டுத்தான் போடணும். வரிசைக்கு நடுவுல செண்டுமல்லி நட்டு விடுங்க, வேர்முடிச்சு நூற்புழுவை அது குறைக்கும், பூவை ஏற்காட்டுச் சந்தையிலயே கொடுத்துடலாம்.

ஓடை வெட்டறவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க: வெட்டி எடுக்கற மண்ணை மிளகுத் தூர்ல அணைச்சுப் போட வேண்டாம். தூர் மூடினா ஈரம் தங்கும். சரிவுக்குக் கீழ்ப்பக்கமா கரை கட்டட்டும்.